கட்டைவிரல் அகலம்

லாபீஸ் ரயிலடிக்கு எதிரே
டயர் கடை மாடியில் என் அலுவலகம்.
அலுவலகம் என்றால்
ஒரு மேசை, இருபத்தேழு அங்குலத் திரை,
கீழிருந்து நட்டு கழற்றும் சத்தம்.

செம்பனைப் பழம் வாங்கும் தவசீலன்
இணையத்தளம் கேட்டார்.
நாலாயிரம் வெள்ளி, பாதி முன்பணம்.
"மேலேருந்து எடுத்த வீடியோ ஓடணும் தங்கச்சி,
தோட்டம் கடல் மாதிரி தெரியணும்."
ஓடவிட்டேன்.
கடலாகவே தெரிந்தது.
பக்கத்துப் பக்கத்தில் மூன்று பத்தி,
நிழல் விழும் எழுத்து,
சுட்டியைக் கொண்டுபோனால் பச்சை மின்னும் பொத்தான்.
அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில்
ரொட்டி சானாய் ஆறி வெறைத்துப்போனது.

செவ்வாய்க்கிழமை தராசு மேடைக்குப் போனேன்.
சடக்கு வரைக்கும் லோரிகள்.
லோகேஸ்வரி, சொந்தமாய் ஆறு ஏக்கர்,
கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டு
போனை எடுத்தாள்.
கண்ணாடி பிளந்து, பிளவின் மேல் செலோடேப்.
சிக்னல் ஒரு கோடு.
வெயில், திரை மேல் இன்னொரு திரை.
இன்றைக்கு டன் என்ன விலை?
அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

என் கடல் இறங்கத் தொடங்கியது.
வட்டம் சுற்றியது.
இன்னும் சுற்றியது.
பின்னால் லோரிக்காரன் ஹாரன் அடித்தான்.
வந்தது கடல், கட்டைவிரல் அகலத்தில்.
விலை மட்டும்
வலப்பக்கம் திரைக்கு வெளியே எங்கேயோ நின்றது,
அழைப்பில்லாமல் கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி.
இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள்.
பழத்தின் எண்ணெய்ப் பிசுக்கில் விரல் வழுக்கி
'எங்களைப் பற்றி' திறந்துகொண்டது.
தவசீலன் கோட்டு போட்டுச் சிரித்தார்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
போனைச் சட்டைப்பையில் போட்டாள்.
மேடையைப் பார்த்து ஒரே கத்து:
"தம்பி, விலை என்னா?"
"எழுநூத்தித் தொண்ணூறு!"
இரண்டு நொடி.

அன்றிரவு கடலைத் தூக்கினேன்.
ஒவ்வொரு குலைக்கும் எடை பார்க்கிற ஊரில்
படத்துக்கு எடை பார்க்காமல் இருந்திருக்கிறேன்.
வீடியோ மட்டும் பதினெட்டு மெகாபைட்.
பத்திகளை ஒன்றன்கீழ் ஒன்றாக,
பெரட்டுக்கு நிற்பவர்களைப் போல நிறுத்தினேன்.
முதலில் விலை.
அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

பிறகு பொத்தான் வம்பு.
மலாயில் 'ஹுபுங்கி' அடங்கி உட்காருகிறது.
'தொடர்புகொள்ளவும்' உட்காராது,
பொத்தானுக்கு வெளியே காலை நீட்டும்.
சுருக்கினால் கொம்பும் சுழியும் ஒட்டி
எல்லாம் எறும்பு.
மடித்தால் மேலே 'தொடர்புகொள்',
கீழே 'ளவும்' என்று ஒரு அநாதை.
மணி ஒன்றரை.
டயர் கடை நாய் குரைத்து ஓய்ந்துவிட்டது.
'பேச' என்று போட்டேன்.
இரண்டே எழுத்து,
திரையின் அடியில், நல்ல பருமனாக,
எந்தக் கையில் பிடித்தாலும் எட்டும்படி.

தவசீலன் தன் புதுப் போனில் பார்த்தார்.
"எங்கம்மா என் தோட்டம்?"
"வெளியே இருக்குண்ணே."
சிரிக்கவில்லை.
"இதுக்கா நாலாயிரம்?
பலகையில சாக்கட்டியால எழுதினா முடிஞ்சிச்சே."
ஆமாம், பலகைதான்.
பன்னிரண்டாம் கட்டைக்கு அப்பால்
ஒருத்தியின் சட்டைப்பைக்குள் அதை நுழைக்கத்தான்
மூன்று இரவு.
இதைச் சொல்லவில்லை,
மீதிப் பணம் வரவேண்டியிருந்தது.
ஐநூறைக் குறைத்துக்கொண்டு தந்தார்.

இப்போது விடிகாலை ஐந்தே முக்காலுக்கு
நாற்பது பேர் வருகிறார்கள்.
நாலு நொடி தங்கிவிட்டுப் போய்விடுகிறார்கள்.
எங்கள் தொழிலில் இதற்குத் தோல்வி என்று பெயர்.
எனக்கு அந்த நாலை மூன்றாக்க ஆசை.

கோட்டுப் படத்தை நான் எடுத்துவிடவில்லை.
ஆறு முறை விரலால் தள்ளினால் வரும்.
அவ்வளவு தூரம் இறங்குவது ஒரே ஒரு போன்,
இரவு பத்து மணிக்கு,
நிதானமாக.
விலை உயர்ந்த போன்.